நிலநடுக்க டாஷ்போர்டு: இதுவரை ஓடியதும் ஓடாததும்

உலக நிலநடுக்கங்களை வரைபடத்தில் காட்டும் இந்த டாஷ்போர்டுக்கு மூலத் தரவு, அமெரிக்க நிலவியல் ஆய்வு அமைப்பான யுஎஸ்ஜிஎஸ் இலவசமாக விடும் ஜியோஜேசன் ஃபீட் (இடத் தகவலுக்கான உரை வடிவில், தானே புதுப்பிக்கப்படும் பட்டியல்). பதிவு, ஏபிஐ கீ (தரவைப் பெறுவதற்கான அனுமதிக் குறியீடு) எதுவும் வேண்டாம். வரைபடத்துக்கு லீஃப்லெட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரலகம், அடியில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் டைல்கள் என்னும் வரைபடத் துண்டுப் படங்கள் (மூலையில் அதன் பெயர் இருந்தே ஆக வேண்டும்), வலப்பக்கம் ஓர் அட்டவணை, கீழே ஆழத்துக்கான பட்டை வரைபடம்.

எந்த ஃபீடை எடுப்பது என்பதில்தான் முதல் சறுக்கல். 'ஒரு நாள், எல்லா அளவும்' (அளவு என்பது நிலநடுக்கத்தின் வலிமை எண், மேக்னிட்யூட்) ஃபீடைப் போட்டால் கலிபோர்னியாவும் அலாஸ்காவும் புள்ளிகளால் மூடிவிடும். இந்தோனேசியா வெறிச்சோடிக் கிடக்கும். பூமி அங்கே அமைதியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அமெரிக்காவில் கருவிகள் நெருக்கமாக இருப்பதால் 1, 2 அளவு அதிர்வுகூடப் பதிவாகிறது. மற்ற நாடுகளின் சின்ன அதிர்வுகள் இந்தப் பட்டியலுக்கு வருவதே அபூர்வம். அதாவது, அது நிலநடுக்கமானிகளின் வரைபடம். உலகப் படத்துக்கு '4.5-க்கு மேல், ஒரு வாரம்' ஃபீடுதான் நியாயமானது. கல்குவாரி வெடிகளும் ஃபீடில் கலந்து வரும் என்பதால் நிகழ்வின் வகையைச் சொல்லும் புலத்தைப் பார்த்து வடிகட்ட வேண்டும்.

ஜியோஜேசனில் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை அடுத்து, மூன்றாவதாக ஆழம் கிலோமீட்டரில். லீஃப்லெட்டுக்கு அட்சரேகை முதலில் வேண்டும். அதன் ஜியோஜேசன் அடுக்கு இதைத் தானே மாற்றிக்கொள்ளும். வட்டங்களைக் கையால் வரைந்தால் நாம்தான் மாற்ற வேண்டும். மறந்தால் ஜப்பான் முழுக்க வரைபடத்தின் மேல் விளிம்பில் ஒட்டிக்கொள்ளும், ஏனென்றால் அதன் தீர்க்கரேகையான 142 என்றொரு அட்சரேகை கிடையாது. நேரம் 1970-இலிருந்து மில்லிவிநாடிகளில் வருகிறது. விநாடி என்று நினைத்துப் பழக்கதோஷத்தில் 1000-ஆல் பெருக்கினால் ஆண்டு 50,000-ஐத் தாண்டும்.

வட்டத்தின் அளவுதான் அதிக நேரம் தின்றது. நிலநடுக்கத்தின் அளவு 1 கூடினால் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு கூடும். பரப்பளவை ஆற்றலுக்கு நேர்விகிதமாக வைத்தால் ஒரே ஒரு 7.5 திரையையே விழுங்கிவிடும். ஆரத்தை நேர்கோட்டில் கூட்டினால் 5-க்கும் 7-க்கும் வித்தியாசம் தெரியாது. இப்போது வைத்திருப்பது: 4.5-க்கு 4 பிக்சல், ஒவ்வொரு 1-க்கும் ஆரம் 1.7 மடங்கு. 7.5 வந்தால் சுமார் 20 பிக்சல். பெரியதை முதலில் வரைந்தால்தான் சின்னவை மேலே தெரியும். நிறம் ஆழத்துக்கு மட்டும்: 70, 300 கிலோமீட்டர் எல்லைகளில் மூன்றே நிறம். வானவில் வரிசை வேண்டாம்; மஞ்சள் மட்டும் காரணமில்லாமல் துருத்தி நிற்கும்.

டோங்கா ஒரு ஓரத்தில், ஃபிஜி மறு ஓரத்தில் என்று பசிபிக் இரண்டாகக் கிழிந்தது 180° கோட்டால். மைனஸ் 30-க்குக் குறைவான தீர்க்கரேகைகளோடு 360 கூட்டி, மையத்தை 150-இல் வைத்ததும் பசிபிக்கைச் சுற்றிய நிலநடுக்கப் பட்டையான நெருப்பு வளையம் ஒன்றாகத் தெரிந்தது. விலையாக அட்லாண்டிக்கின் கடலடி மலைத்தொடரான நடுமுகடு வெட்டுப்படுகிறது, பரவாயில்லை.

ஃபீட் நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. புதியதை மட்டும் சேர்த்துக்கொண்டே போகக் கூடாது: தானியங்கிக் கணக்கு பின்னர் சரிபார்க்கப்படும்போது அளவு மாறும், சில நிகழ்வுகள் நீக்கப்படும். ஒவ்வொரு முறையும் அடையாள எண்ணை வைத்து ஒப்பிட்டு, புதிய பட்டியலில் இல்லாததை வரைபடத்திலிருந்தும் எடுத்துவிட வேண்டும்.

பட்டை வரைபடத்தில் 10 கிலோமீட்டரில் மட்டும் ஒரு கோபுரம் எழுந்தது நிரல் பிழையல்ல. ஆழத்தைத் துல்லியமாகக் கணிக்க முடியாதபோது 10 என்று நிலையாக வைத்துக் கணக்கிடுவது வழக்கம். அந்தப் பட்டைக்குச் சாம்பல் நிறம் கொடுத்தாயிற்று. கைபேசித் திரையில் அட்டவணையை எங்கே வைப்பது என்பது இன்னும் பாக்கி.