மறுபெயரிட்டால் கோப்பு பிழைக்குமா?

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் பற்றிய விவாதங்கள் என்றதும், பேராசிரியர் டானன்பாமுக்கும் லினக்ஸை உருவாக்கிய டோர்வால்ட்ஸுக்கும் 1992-இல் நடந்த மைக்ரோகெர்னல் (கெர்னலை மிகச் சிறிதாக வைக்கும் வடிவமைப்பு) வாக்குவாதத்தைத்தான் பலரும் நினைவுகூர்வார்கள். என்னைக் கேட்டால், 2009-இல் ஈஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் கோப்பு முறைமையை (வட்டில் கோப்புகளைச் சேமித்து நிர்வகிக்கும் பகுதி) சுற்றி எழுந்த வாக்குவாதமே அதைவிட ஊன்றிப் படிக்கத் தக்கது. அதில் இரு தரப்பிலும் நியாயம் இருந்தது.

ஒரு நிரல் தன் அமைப்புகளைச் சேமிக்கும்போது, பழைய கோப்பைத் தொடாமல் புதிய கோப்பொன்றில் எல்லாவற்றையும் எழுதி, பிறகு அதற்குப் பழைய கோப்பின் பெயரைச் சூட்டிவிடும். இடையில் கணினி நின்றுபோனாலும் பழையதோ புதியதோ ஒன்று முழுமையாக மிஞ்சும் என்பது எதிர்பார்ப்பு. ஈஎக்ஸ்டி4-க்கு முந்தைய ஈஎக்ஸ்டி3-இன் இயல்பு நிலையில், பெயர் மாற்றம் ஜர்னலில் (கோப்பு முறைமை தன் மாற்றங்களைக் குறித்துவைக்கும் ஏடு) பதிவாகும் முன்பே கோப்பின் தரவு வட்டுக்குப் போய்விடும் என்பதால் இந்த எதிர்பார்ப்பு பொய்க்கவில்லை. ஆனால் அப்படி நடக்கும் என்று, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரநிலை எங்கும் உறுதி அளிக்கவில்லை.

ஈஎக்ஸ்டி4, வட்டில் இடம் ஒதுக்குவதையே தள்ளிப்போட்டது. கோப்பு துண்டுதுண்டாகச் சிதறாது, வேகமும் கூடும். ஆனால் பெயர் மாற்றம் சுமார் 5 விநாடிக்குள் பதிவாகிவிட, தரவு வட்டை எட்ட அரை நிமிடமோ அதற்கு மேலோ ஆகலாம். அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் பெயர் இருக்கும், உள்ளே ஒரு பைட்டும் இருக்காது. 2009-இன் தொடக்கத்தில் கேடிஈ என்ற லினக்ஸ் திரைமுகப்பின் பயனர்கள் சிலர் மீண்டும் கணினியை இயக்கியபோது, அவர்களுடைய அமைப்புக் கோப்புகள் வெறும் பூஜ்ஜிய அளவில் கிடந்தன.

தரவு நிலைக்க வேண்டுமென்றால், அதை உடனே வட்டில் எழுதச் சொல்லும் எஃப்சிங்க் அழைப்பைப் பயன்படுத்த வேண்டியது நிரலின் பொறுப்பு என்றார் ஈஎக்ஸ்டி4-ஐப் பராமரித்த தியோடர் சோ. தரநிலையின்படி அதில் ஓட்டையே இல்லை. ஆனால் ஈஎக்ஸ்டி3-இல் ஒரு கோப்புக்காக எஃப்சிங்க் அழைத்தால், அந்தக் கோப்பு முறைமையில் காத்திருக்கும் பிற தரவும் சேர்ந்து வட்டுக்குத் தள்ளப்படும்; 2008-இல் ஃபயர்ஃபாக்ஸ் 3 உலாவி இதனாலேயே விநாடிக்கணக்கில் உறைந்து நின்றது. சூடு கண்ட நிரலாளர்களிடம் போய், அதே அழைப்பை இன்னும் அதிகமாகப் பயன்படுத்துங்கள் என்றால் எப்படி ஏற்பார்கள்? அதோடு, அவர்கள் கேட்டது உடனே எழுதிவிடு என்பதையே அல்ல. எப்போது வேண்டுமானாலும் எழுது, ஆனால் தரவை முதலிலும் பெயரைப் பிறகும் எழுது என்பதை. வரிசையை மட்டும் கேட்பதற்கு போசிக்ஸில் அழைப்பே இல்லை. விவாதத்தின் உயிர்நாடி இதுதான் என்பது என் எண்ணம்; வாதிட்டவர்களில் பலர் இதை விட்டுவிட்டு, யார் சோம்பேறி என்பதிலேயே நின்றுவிட்டார்கள்.

முடிவில், தன் வாதத்தை விட்டுக்கொடுக்காத சோவே திருத்தத்தையும் எழுதினார். லினக்ஸ் கெர்னலின் 2.6.30 பதிப்பிலிருந்து, இருக்கும் ஒரு கோப்பின் மேல் மறுபெயரிட்டாலோ, கோப்பைப் பூஜ்ஜியமாக்கி மீண்டும் எழுதி மூடினாலோ, ஈஎக்ஸ்டி4 உடனடியாக இடம் ஒதுக்கிவிடும். முற்றிலும் புதிய கோப்புக்கு இந்தச் சலுகை இல்லை. கொள்கையில் தோற்காமல் நடைமுறையில் இறங்கிவருவது கெர்னல் உலகில் புதிதல்ல. இதை நான் குறையாகவும் பார்க்கவில்லை.

எஃப்சிங்க்கை ஒழுங்காக அழைத்தவர்களுக்கும் நிம்மதி கிட்டவில்லை என்பது 2018-இல் தெரிந்தது. வட்டில் எழுதுவது தோல்வியுற்றால் கெர்னல் ஒருமுறை பிழை சொல்லிவிட்டு, எழுதப்படாத அந்த நினைவகப் பக்கங்களை (தரவுத் துண்டுகளை) எழுதியவையாகவே குறித்துவிடும். மறுபடி அழைத்தால் வெற்றி என்று பதில் வரும். மீண்டும் முயன்றால் போதும் என்று நம்பியிருந்த போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளக் குழுவினர் அதிர்ந்துபோனார்கள். பிடுங்கப்பட்ட யூஎஸ்பி வட்டுக்கான பக்கங்களை எத்தனை நாள் நினைவகத்தில் சுமப்பது என்று கெர்னல் தரப்பு கேட்டது. 2019 பிப்ரவரியில் வந்த போஸ்ட்கிரெஸ்கியூஎல் பதிப்புகள், எஃப்சிங்க் தோற்றால் மறுமுயற்சி செய்யாமல் தாமே நின்று, முன்பே எழுதி வைத்த பதிவேட்டிலிருந்து மீளும்படி மாற்றப்பட்டன.