ஏழரை நிமிடம்

ஜனவரி 9, செவ்வாய்

கடிதம் வரவில்லை. ரயில் நிலையப் படிக்கட்டின் கீழே வழக்கமாக உட்கார்ந்திருக்கும் வீடற்றவரும் இல்லை.

ஜனவரி 10, புதன்

காலை ரயிலில் மறுபடியும் அதே பாட்டு: ஆந்த்ராக்ஸ் என்ற மெட்டல் இசைக்குழுவினர் 1988இல் ‘ஸ்டேட் ஆஃப் யூஃபோரியா’ தொகுப்பில் வெளியிட்ட ‘ஹூ கேர்ஸ் வின்ஸ்’. ஏழரை நிமிடமும் வீடற்றவர்களைப் பற்றியது. ‘துணிந்தவரே வெல்வார்’ என்ற பொருள்படும் பிரிட்டிஷ் சிறப்புப் படையின் வாசகத்தில் ஓர் ஆங்கில எழுத்தை மட்டும் மாற்றி, ‘அக்கறை உள்ளவரே வெல்வார்’ என்று தலைப்பாக்கியிருக்கிறார்கள். ஆங்கிலத் தலைப்பின் முதலிரண்டு சொற்களோடு நிறுத்திக்கொண்டால் அது ‘யாருக்கு என்ன வந்தது’ என்றாகிவிடுகிறது. நான் பல மாதங்கள் அந்த இரண்டு சொற்களோடுதான் அவரைக் கடந்து போயிருக்கிறேன்.

ஜனவரி 12, வெள்ளி

டிசம்பரில் ஒரு மாலை அவர் என்னை நிறுத்தி, காதில் என்ன ஓடுகிறது என்று கேட்டார். இயர்போனின் ஒரு முனையைக் கொடுத்தேன். அவருடைய வலது காலணியின் அடிப்பகுதி பிய்ந்து, நீல நிற நாடாவால் சுற்றப்பட்டிருந்தது. விரல்கள் இருக்கும் இடத்தில் செய்தித்தாள் துருத்திக்கொண்டிருந்தது. டிரம்ஸ் வேகமெடுத்தபோது அந்தக் கால் தாளம் போடத் தொடங்கியது. பாடகர் ஜோயி பெல்லடோனாவின் குரல் உச்சத்துக்குப் போனதும், “இன்னும் கொஞ்சம் சத்தமாக வையுங்கள்” என்றார். முழுப் பாட்டையும் கேட்டு முடித்த பிறகே திருப்பித் தந்தார். நான் அவருடைய பெயரைக் கேட்கவில்லை.

ஜனவரி 13, சனி

கடிதம் இல்லை.

ஜனவரி 15, திங்கள்

இந்தக் குழு நியூயார்க் நகரத்தில், எங்கள் குயின்ஸ் பகுதியில் உருவானது. கிட்டார் வாசிக்கும் ஸ்காட் இயன் இங்குள்ள பேசைடில் வளர்ந்தவர். தொகுப்பு வெளிவருவதற்கு முந்தைய மாதம்தான், அதாவது 1988 ஆகஸ்டில், மன்ஹாட்டனின் டாம்ப்கின்ஸ் சதுக்கப் பூங்காவில் இரவு ஊரடங்கை எதிர்த்துக் கூடியவர்களைக் காவலர்கள் தடியால் அடித்து விரட்டினார்கள். வீடற்றவர்கள் பலர் அப்போது அந்தப் பூங்காவில்தான் படுத்துறங்கினார்கள். அந்த ஆண்டில் இந்த நகரத்தில் நடமாடிய எவரும் பார்த்திருக்கக்கூடியதை இந்தக் குழுவினர் இரைச்சலாகவே பாடினார்கள். அது எனக்குச் சரியாகப் படுகிறது, ஏனெனில் மெல்லிய குரலில் சொன்னதை இந்த ஊர் நின்று கேட்டதில்லை.

ஜனவரி 17, புதன்

உறைபனிக் குளிர். இப்படிப்பட்ட இரவுகளில் தங்குமிடம் கேட்டு வருகிற யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது இங்குள்ள விதி. நகர நிர்வாகத்தின் உதவி எண்ணான 311க்கு அழைத்தேன். எந்த நிலையம், எந்தப் படிக்கட்டு, என்ன உடை என்று பொறுமையாகக் கேட்டார்கள். காலணியைப் பற்றி விரிவாகச் சொன்னேன். பெயர் தெரியுமா என்றார்கள்.

ஜனவரி 18, வியாழன்

தூங்கவில்லை. 1979இல் இங்கே வீடற்ற ஆண்களுக்காகத் தொடுக்கப்பட்ட வழக்கு ராபர்ட் கேலஹன் என்பவரின் பெயரில் நடந்தது. 1981இல் அவர்களுக்குத் தங்குமிடம் தர நகரம் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டபோது, அவர் தெருவிலேயே இறந்துபோயிருந்தார். ஆயினும் அவருடைய பெயர் ஆவணங்களில் இருக்கிறது. நான் தேடுகிறவருக்கு என்னிடம் இருப்பது ஒரு நீல நாடா மட்டுமே. அந்தக் கடிதம் வந்து, இந்த வீட்டை விட்டு நானும் போக நேர்ந்தால், கீழ்த்தளத்துக்காரர் என்னை எதைச் சொல்லி அடையாளம் காட்டுவார்?

ஜனவரி 20, சனி

பாட்டைக் கேட்கவில்லை. முடியவில்லை.

ஜனவரி 22, திங்கள்

கடிதம் வந்துவிட்டது. இன்னும் பிரிக்கவில்லை. படிக்கட்டின் கீழே யாரோ உட்கார்ந்திருப்பதாகக் கீழ்த்தளத்துக்காரர் சொன்னார். மேலங்கியை மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன்.