உரிமத்தை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று கேட்டு வந்த கடிதம்

2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம், மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கிய வாரத்தில், இராமநாதபுரம் கடற்கரையோர ஊர் ஒன்றில் நான் வயரிங் செய்து கொடுத்திருந்த ஐஸ் கம்பெனியில், ஐஸ் உடைக்கும் மிஷினைத் தொட்ட தொழிலாளி ஒருவரை மின்சாரம் தூக்கி எறிந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் வலது கையில் இரண்டு விரல்கள் முழுமையாக மடங்குவதில்லை. அந்த விபத்துக்குப் பிறகு என் ஒப்பந்ததாரர் உரிமமும் மேற்பார்வையாளர் தகுதிச் சான்றிதழும் ஒன்பது மாதங்கள் கேள்விக்குள்ளாகி நின்றன. என் உரிமத்தை நம்பி வேலை செய்யும் இரண்டு கம்பியாளர்களின் பிழைப்பும் அதோடு சேர்ந்தே நின்றது. அந்த ஒன்பது மாதங்களில் எனக்குக் கைகொடுத்தது எது, நான் சறுக்கியது எங்கே என்பதை இதே தொழிலில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

விபத்து நடந்த அன்று மாலை முதலாளி என்னை அழைத்துச் சொன்ன முதல் வார்த்தை, "தம்பி, ஆபீசர் வர்றதுக்குள்ள வந்து கொஞ்சம் சரிபண்ணி வச்சிருங்க" என்பதுதான். நானும் பிளையரையும் டெஸ்டரையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வழியில், மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற, எங்கள் வட்டாரத்தில் எல்லோரும் பாய் என்று அழைக்கும் பெரியவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் என் கையிலிருந்த பையை வாங்கித் தன் வீட்டுத் திண்ணையில் வைத்துக்கொண்டு, "போனை மட்டும் கொண்டு போங்க. படம் எடுங்க. ஒரு ஸ்குரூவைக்கூடத் தொட வேணாம்" என்றார். மின்சாரச் சட்டம் 2003-இன் 161-ஆம் பிரிவின்படி இத்தகைய விபத்து மின் ஆய்வாளருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். அவர் வந்து பார்க்கும்வரை நிலைமை மாறாமல் இருப்பதுதான், தவறு செய்யாதவனுக்கு இருக்கும் ஒரே சாட்சி என்று விளக்கினார். அன்று நான் அந்த வயரை மாற்றியிருந்தால், யார் இழுத்த வயர் என்பது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். சாட்சியத்தைக் கலைத்தவன் என்ற பெயரும் எனக்கு வந்திருக்கும்.

அங்கே நான் கண்டது இதுதான். 2020 பிப்ரவரியில் நான் வேலையை முடித்தபோது மிஷின் கூடத்துக்குள் இருந்தது. ஐந்து குதிரைத்திறன் கொண்ட மூன்று ஃபேஸ் மோட்டார். அதன் உடலுக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்புகள் கொடுத்திருந்தேன். பிற்பாடு, லாரியில் ஏற்றுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று யாரோ மிஷினை முற்றத்துக்கு நகர்த்தி, பழைய கேபிளின் முனையிலிருந்து மூன்று இழை ஃபிளெக்சிபிள் வயர் ஒன்றை நீட்டியிருந்தார்கள். மூன்று இழையும் மூன்று ஃபேஸுக்கே போய்விட்டதால் எர்த்துக்கு இழையே இல்லை. இணைப்பைச் சுற்றிய டேப் ஈரத்தில் ஊறி, உப்புப் பூத்து, ஈரமண்ணில் கிடந்தது. நான் கொடுத்த எர்த் கம்பிகள் இரண்டும் கூடத்துச் சுவரோரம் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. அவற்றின் முனையிலுள்ள லக்குகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. மெயின் போர்டைத் திறந்தால், நான் பொருத்திய 100 மில்லியாம்பியர் ஆர்சிசிபியின் (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) மேல்முனைகளையும் கீழ்முனைகளையும் சிவப்பு வயர்த் துண்டுகளால் நேராக இணைத்திருந்தார்கள். அந்தக் கருவி போர்டில் இருந்தது. வேலை செய்ய வழியில்லாமல் இருந்தது.

எங்கள் கடற்கரையில் இது புதிய செய்தியல்ல. உப்புக்காற்றும் ஈரமும் மோட்டாரின் டெர்மினல் பெட்டிக்குள் இறங்கிக் கசிவை உண்டாக்கும். ஆர்சிசிபி அடிக்கடி விழும். ஐஸ் கட்டி உருகிக்கொண்டிருக்கும்போது முதலாளிக்குப் பொறுமை இருக்காது. கசிவைத் தேடுவதற்குப் பதிலாக, கசிவைச் சொல்லும் கருவியின் வாயை அடைத்துவிடுவார்கள்.

மின் ஆய்வாளர் மறுநாள் வந்தார். என்னையும் அழைத்து வாக்குமூலம் பெற்றார். அவர் கடுமையாக நடந்துகொள்ளவில்லை. பதற்றத்தில் வார்த்தையை விட்டது நான்தான். "இங்க எல்லா வேலையும் நீங்கதான் செஞ்சதா?" என்று கேட்டபோது, தொழில் பெருமையில், "ஆமா சார், எல்லாம் நாந்தான்" என்று சொல்லிவிட்டேன். எழுதி முடித்த தாளைக் கையெழுத்துக்கு நீட்டியபோது, "மேற்படி நிறுவலின் அனைத்து மின் பணிகளும் என்னால் செய்யப்பட்டவை" என்ற வரி கண்ணில் பட்டது. அந்த ஒரு வரி முற்றத்துக்கு இழுத்த வயரையும் என் கணக்கில் எழுதிவிடும். மரியாதையாகச் சொல்லி, "2020 பிப்ரவரி மாதச் சோதனை அறிக்கையில் கண்ட பணிகள் மட்டும் என்னால் செய்யப்பட்டவை, அதன் பிறகு செய்யப்பட்ட நீட்டிப்பு என்னுடையதல்ல" என்று திருத்தி எழுதச் சொன்னேன். அவர் அடித்து எழுதி, திருத்தத்தின் ஓரத்தில் என்னிடம் சுருக்கொப்பம் வாங்கினார். வாக்குமூலத்தைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்திடுவது நம் தொழிலில் சாதாரணம். அதிகாரியை நிற்க வைத்து நிதானமாகப் படிப்பது அவமரியாதை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

ஆகஸ்டு மாதம் உரிமம் வழங்கும் வாரியத்திலிருந்து பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. மின் ஆய்வாளரின் அறிக்கையைக் குறிப்பிட்டு, பாதுகாப்பற்ற நிறுவலுக்கு என்னைப் பொறுப்பாக்கி உரிமத்தின் மீதும் தகுதிச் சான்றிதழின் மீதும் ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று 15 நாட்களுக்குள் விளக்கம் கேட்டிருந்தார்கள். அன்றிரவு நான் சாப்பிடவில்லை. மறுநாள் பாய் வீட்டுக்குப் போனபோது அவர் முதலில் கேட்டது கடிதத்தை அல்ல, அது வந்த உறையை. கெடு கடிதத்தின் தேதியிலிருந்து ஓடுகிறதா, கையில் கிடைத்த நாளிலிருந்தா என்ற கேள்வி வரும்போது உறையிலுள்ள தபால் முத்திரைதான் பேசும் என்றார். என் கடிதம் கிடைத்த நாளிலிருந்து என்றே சொன்னது, உறையையும் பத்திரப்படுத்தினேன்.

அவர் சொன்ன இரண்டாவது விஷயம் என்னைக் காப்பாற்றியது என்றே நினைக்கிறேன். அறிக்கையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அதற்குப் பதில் எழுதக்கூடாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாட்கள் வரை ஆகலாம், அதற்குள் கெடு முடிந்துவிடும்; ஆகவே வாரியத்துக்கே நேராக எழுதி, அறிக்கையின் நகலும் அது கிடைத்த பின் பதில் எழுத அவகாசமும் கேட்டேன். கெடு முடிய ஐந்து நாட்கள் இருக்கும்போதே ஒப்புகை அட்டையுடன் அனுப்பிவிட்டேன். நகலும் வந்தது, அவகாசமும் கிடைத்தது. மௌனமாக இருந்திருந்தால், விளக்கம் எதுவும் இல்லை என்று பதிவு செய்துகொண்டு மேலே போயிருப்பார்கள்.

பதில் எழுதும் வேலைதான் பெரிய வேலை. சோதனை அறிக்கையின் என் நகலில் எர்த் அளவுகளும், வயர்களின் காப்பு எவ்வளவு தாங்குகிறது என்று காட்டும் மெக்கர் அளவுகளும் இருந்தன. 500 வோல்ட்டில் ஒரு நிமிடம் வைத்துப் பார்த்தபோது ஒரு மெகாஓமுக்கு மேலேயே எல்லாச் சுற்றுகளும் காட்டியிருந்தன. கேபிள் வாங்கிய கடை ரசீது இருந்தது. அதில் இருந்தது நான்கு இழைக் கவசக் கேபிள், முற்றத்தில் கிடந்ததோ மூன்று இழை ஃபிளெக்சிபிள். சட்டப் பக்கத்தில் நான் பிடித்துக்கொண்டது, அப்போது நடைமுறையிலிருந்த மத்திய மின்சார ஆணையத்தின் 2010-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிமுறைகள். (2023-இல் புதியவை வந்துவிட்டன, இப்போது எழுதுபவர்கள் அவற்றைப் பார்த்து எழுத வேண்டும்.) பல்பு, மின்விசிறி, ஃபியூஸ், சுவிட்சு மாற்றுவது போன்ற சில்லறை வேலைகள் தவிர, இருக்கிற நிறுவலில் செய்யும் கூடுதலோ மாற்றமோ பழுதுபார்ப்போ உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலமே நடக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. மிஷினை நகர்த்தி வயரை நீட்டியது அப்பட்டமான மாற்றம். யாரை வைத்துச் செய்தார்கள் என்பதற்கு முதலாளியிடம் பதில் இல்லை.

இதுவரை எழுதியது எனக்குச் சாதகமானது. சாதகமில்லாத ஒன்றும் இருந்தது. விபத்துக்கு ஐந்து மாதம் முன்பு, 2022 ஜனவரியில், மோட்டார் ஸ்டார்ட்டரில் கான்டாக்டர் என்ற சுவிட்சுப் பாகத்தை மாற்ற என்னை அங்கே அழைத்திருந்தார்கள். மெயின் போர்டைத் திறந்தபோது அந்தச் சிவப்பு வயர்த் துண்டுகளைப் பார்த்தேன். முதலாளியிடம் சொன்னேன். "சீசன் முடியட்டும் தம்பி, மாத்திருவோம்" என்றார். அறுநூறு ரூபாய் கூலியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எழுத்தில் ஒரு வரி கொடுக்கவில்லை. வீடு வந்து என் கம்பியாளருக்கு வாட்ஸ்அப்பில் அந்தப் படத்தை அனுப்பி, "பாருடா கொடுமைய" என்று எழுதியது மட்டும் தேதியோடு இருந்தது. அது இருபுறமும் கூருள்ள கத்தி. விபத்துக்கு முன்பே ஆர்சிசிபி முடக்கப்பட்டிருந்ததை அது காட்டும். அது எனக்குத் தெரிந்திருந்தது என்பதையும் சேர்த்தே காட்டும்.

இராமநாதபுரத்தில் நான் பார்த்த வழக்கறிஞர், ஜனவரி விஷயத்தைப் பதிலில் சேர்க்க வேண்டாம் என்றார். காவல் நிலையத்தில் முதலாளி மீது வழக்குப் பதிவாகி இருந்தது, நான் அதில் சாட்சி; நான் எழுதிக்கொடுப்பது நாளை என் பக்கம் திரும்பக்கூடும் என்பது அவருடைய கவலை. அது நியாயமான கவலை, அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குற்றவழக்கில் மௌனம் காப்பவனைச் சட்டம் பார்க்கும் பார்வை வேறு, பொதுமக்கள் பாதுகாப்புக்காக உரிமம் கொடுத்த வாரியம் பார்க்கும் பார்வை வேறு என்பது என் எண்ணம். அதோடு, கூலி ரசீது முதலாளியிடம் இருந்தது. அவர் அதை நீட்டும் நாளில் நான் மறைத்தவனாக நிற்க வேண்டியிருக்கும். கடைசியில் இருவரும் ஒரு வழிக்கு வந்தோம். நான் என்ன பார்த்தேன், யாரிடம் என்ன சொன்னேன், எழுத்தில் கொடுக்கவில்லை என்ற மூன்று விவரங்கள் மட்டும்; யார் குற்றவாளி என்ற கருத்தோ வருத்தமோ ஒரு வார்த்தையும் வேண்டாம். வழக்கறிஞரே அந்தப் பத்தியை நாலு முறை அடித்து எழுதினார்.

முதலாளி இடையில் ஒரு தூது அனுப்பினார். முற்றத்து வயரையும் நானே இழுத்ததாக ஒப்புக்கொண்டால் அபராதம் வந்தாலும் அவர் கட்டிவிடுவாராம். அபராதம் கட்டலாம், உரிமத்தை யார் கட்டுவது என்று கேட்டு அனுப்பினேன். அதன் பிறகு அவருடன் தொலைபேசியில் பேசுவதையே நிறுத்திவிட்டேன்.

டிசம்பரில் வாரியத்திலிருந்து நேரில் வரச் சொன்னார்கள். இராமநாதபுரத்தில் சேது எக்ஸ்பிரஸ் ஏறி, விடியற்காலை தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் கிண்டி போய்ச் சேர்ந்தேன். கோப்பில் எல்லாவற்றுக்கும் பக்க எண் போட்டு, மூன்று நகல்கள் வைத்திருந்தேன். சோதனை அறிக்கையையும் கேபிள் ரசீதையும் ஐந்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிட்டார்கள். மீதி நேரம் முழுதும் ஜனவரிதான். "ஆர்சிசிபியை பைபாஸ் பண்ணியிருந்ததைப் பார்த்தீங்கல்ல, அப்புறம் எப்படி கான்டாக்டரை மாத்தி லைனை ஆன் பண்ணிக் கொடுத்தீங்க?" என்று கேட்டார் ஒருவர். இதற்கு நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பதில், உரிமையாளரின் மின்சாரத்தை நிறுத்த எனக்கு அதிகாரமில்லை என்பது. அது உண்மைதான். ஆனால் அந்தக் கேள்விக்கு அது பதிலல்ல என்பது சொல்ல வாயெடுத்த நொடியில் எனக்கே தெரிந்தது. வேலையைச் செய்ய மறுத்திருக்கலாம், எழுத்தில் எச்சரித்திருக்கலாம், மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குத் தெரிவித்திருக்கலாம், மூன்றையும் செய்யவில்லை என்றேன். அவர் எழுதிக்கொண்டார். வேறு கேள்வி வரவில்லை.

வெளியே வந்து டீக்கடையில் நின்றபோது, போச்சு என்றுதான் நினைத்தேன். ரத்து என்று வந்தால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனுப் போடலாம் என்று வழக்கறிஞர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அந்தச் செலவுக்கு மனைவியின் வளையலைக் கணக்குப் போட்டுக்கொண்டே ஊர் வந்தேன்.

உத்தரவு 2023 மார்ச்சில் வந்தது. முற்றத்து நீட்டிப்புக்கு நான் பொறுப்பல்ல என்று ஏற்றிருந்தார்கள். பாதுகாப்புக் கருவி முடக்கப்பட்டிருந்ததை அறிந்தும் எழுத்தில் தெரிவிக்காததற்கு எச்சரிக்கை. உரிமத்துக்கும் சான்றிதழுக்கும் இடைநீக்கம் இல்லை.

இப்போது என் பைக் பெட்டியில் கார்பன் தாள் வைத்த ஒரு ரசீதுப் புத்தகம் இருக்கிறது. எர்த் இல்லை, ஆர்சிசிபி முடக்கம், டேப் இணைப்பு என்று எதைக் கண்டாலும் அங்கேயே எழுதி, மேல்தாளைக் கிழித்துக் கொடுத்து, அடித்தாளில் கையெழுத்து வாங்குகிறேன். கையெழுத்துப் போட மறுப்பவர்களுக்கு அந்த இடத்திலிருந்தே வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிட்டு, வேலை செய்யாமல் வந்துவிடுகிறேன். இதனால் இரண்டு இறால் பண்ணைகளும் ஒரு ஐஸ் கம்பெனியும் என்னை விட்டுப் போய்விட்டன. "ரொம்பச் சட்டம் பேசுறார்" என்று சொல்கிறார்களாம்.

அடுத்த முறை உரிமத்தைப் புதுப்பிக்க விண்ணப்பித்தபோது, யாரும் கேட்காமலே அந்த எச்சரிக்கைக் கடிதத்தின் நகலையும் இணைத்து அனுப்பினேன். கம்பியாளர் இருவரும் அது தேவையா என்று கேட்டார்கள். உரிமம் புதுப்பித்து வந்த அன்று, இருவரையும் உட்கார வைத்து அவர்களுக்கும் ஆளுக்கொரு கார்பன் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன்.