தர்சினியா, தர்ஷனியா?

28 ஜனவரி 2025, செவ்வாய்

இன்று எங்கள் தொண்டு நிறுவனக் கந்தோரில் ஒருத்தரும் தேத்தண்ணி போடவில்லை. 20ஆம் திகதி ட்ரம்ப் கையெழுத்திட்ட உத்தரவால் அமெரிக்க உதவி 90 நாளுக்கு நிறுத்தம். எங்கள் திட்டத்தில் பாதி அந்தக் காசுதான். பணிப்பாளர் மட்டும் லொக்பிரேமை, அதாவது திட்ட இலக்கு அட்டவணையை, திருத்திக்கொண்டிருந்தார், பழக்கதோஷம்.

என் பதவி கண்காணிப்பு, மதிப்பீட்டு அலுவலர். ஏழு வருசமாக எக்ஸலில் 'பயனாளிகள்' நிரலை நிரப்புகிறேன். ஒருத்தரின் முகமும் ஞாபகமில்லை.

அம்மா: "அப்பவே பாங்கில சேரச் சொன்னனான்."

6 பெப்ரவரி, வியாழன்

வெளிக்களத்துக்கு ஆளில்லாமல் என்னைக் கொழும்பின் வடக்கிலுள்ள மட்டக்குளிக்கு அனுப்பினார்கள். வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டை வரை 101 பஸ், பிறகு ஓட்டோ.

ஒரு தாய் சொப்பிங் பையைக் கவிழ்த்தா: கிளினிக் அட்டை, கரண்ட் பில், நாலாய் மடித்த பிறப்புச் சான்றிதழ். மகளுக்கு மார்ச் 17இல் சாதாரண தரப் பரீட்சை (ஓ.எல்.). அதற்குத் தேவையான அடையாள அட்டை இன்னும் இல்லை. சிங்களச் சான்றிதழில் 'தர்ஷனி', பள்ளிக்கூட இடாப்பில் 'தர்சினி'.

"மூணு தரம் ஆபிஸுக்குப் போயிட்டேன் மிஸ். சிங்களத்தில என்ன சொல்றாங்கன்னே வெளங்கல."

1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அந்தச் செய்தி கந்தோர் யன்னல்வரை போய்ச் சேரவில்லை.

இரண்டு பெயரும் ஒரே பிள்ளைக்குத்தான் என்ற சத்தியக் கடதாசிக்குச் சமாதான நீதவானைத் தேடிப்போனோம். சிங்களக் கடிதத்தை அவ வீட்டுத் தையல் மெஷின் மேலேயே எழுதினேன். ஒரு எழுத்துக்காக ஒரு பக்கம்.

11 பெப்ரவரி, செவ்வாய்

அந்தத் தாயோடு நானும் அந்தக் கந்தோருக்குப் போனேன். மூன்று தரம் திருப்பியனுப்பிய அதே எழுத்தர், நான் சிங்களத்தில் கதைத்ததும் கதிரை காட்டினார். பத்து நிமிசத்தில் வேலை முடிந்தது. எனக்குச் சந்தோசம் வரவில்லை, கோபம்தான். அவ வெளியில் வந்து எனக்கு நெக்டோ சோடா வாங்கித் தந்தா.

28 பெப்ரவரி, வெள்ளி

ஒப்பந்தம் முடிகிறதென்று கடிதம் தந்தார்கள். ரொறன்ரோ அண்ணா லிங்க்ட்இனில் போடச் சொன்னார், "உன்ர நோக்கம் என்னெண்டு வடிவா எழுது" என்று. ஒரு மணித்தியாலம் இருந்தேன். 'சிங்களத்தில் கடிதம் எழுதுவேன், கூடவும் போவேன்' என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அதைப் போடவில்லை.

17 மார்ச், திங்கள்

காலையில் தாயின் அழைப்பு: "உள்ள போயிட்டா மிஸ்." அட்டை வரவில்லை, உறுதிப்படுத்தல் கடிதத்தோடுதான்.

வயிற்றுப்பாட்டுக்கு இப்போது பக்கக் கணக்கில் மொழிபெயர்ப்பு. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் பெயரில் ஏதோ சிக்கலாம். சனிக்கிழமை என் வீட்டுக்கே வரச் சொன்னேன். அம்மா முணுமுணுத்துக்கொண்டே சாப்பாட்டு மேசையை ஒதுக்குகிறா.