மீட்டாச்சு, போட்டோவும் எடுத்தாச்சு, அப்புறம்?

ஜூன் 12, குழந்தை தொழிலாளர் எதிர்ப்பு தினம் வந்தா போதும், எங்க கிருஷ்ணகிரி பக்கம் பேப்பர்ல ஒரே மாதிரி போட்டோதான். அதிகாரிங்க வரிசையா நின்னு கைய நீட்டி குழந்தை தொழிலாளர் ஒழிப்பு உறுதிமொழி எடுப்பாங்க, பக்கத்துல கையெழுத்து இயக்கம் பேனர். இங்க அப்பதான் மாங்கா சீசன், மண்டி எல்லாம் நிக்க நேரமில்லாம ஓடும், ஸ்கூலும் அப்பதான் தொறந்திருக்கும், லீவுல வேலைக்கு போன பசங்க எத்தன பேரு கிளாசுக்கு திரும்பி வந்தாங்கன்னு விசாரிக்க இதவிட நல்ல நேரம் ஏது, ஆனா வர்றது என்னமோ அந்த போட்டோதான்.

மத்த நாள்ல வந்தா "செங்கல் சூளையில் சிறுவர்கள் மீட்பு"ன்னு நாலு பாரா. பசங்க முகத்த மறைச்சிருப்பாங்க, சரிதான், 2015 சிறார் நீதி சட்டமே அடையாளம் தெரியக்கூடாதுன்னு சொல்லுது. ஆனா பல நேரம் சூளை ஓனர் பேரும் சேந்து மறைஞ்சிடுது பாருங்க, அது எந்த சட்டத்துல இருக்குன்னுதான் தெரியல.

என் கோவமே பசங்கள மீட்ட மறுநாள் பத்திதான். பங்களாதேஷ்ல நடந்தத பாருங்க. 1992ல அமெரிக்க செனட்டர் டாம் ஹார்கின் ஒரு மசோதா கொண்டு வந்தாரு, பசங்க தெச்ச துணிய இறக்குமதி பண்ணக்கூடாதுன்னு. மசோதா பாஸ் கூட ஆகல, ஆனா அந்த பயத்துலயே கார்மென்ட்ஸ் முதலாளிங்க ஆயிரக்கணக்கான பசங்கள வெளிய அனுப்பிட்டாங்க, அதுல பெரும்பாலும் பொண்ணுங்க. அதோட முடிஞ்சிருந்தா "பசங்க வேலைய விட்டாச்சு"ன்னு நல்ல செய்திதான். அப்புறம் போய் தேடி பாத்தா சிலர் கல்லு உடைக்கறாங்க, சிலர் அதவிட மோசமான எடத்துல இருக்காங்கன்னு 1997 யுனிசெஃப் அறிக்கையில வந்துச்சு. 1995ல முதலாளிங்க சங்கம், யுனிசெஃப், ஐஎல்ஓ (சர்வதேச தொழிலாளர் அமைப்பு) மூணு பேரும் ஒப்பந்தம் போட்டு, பசங்கள ஸ்கூல்ல சேத்து மாசம் 300 டாக்கா குடுக்கறதா முடிவு பண்ணாங்க. அதாவது போற வருமானத்துக்கு ஏதோ ஒரு ஈடு.

நம்ம பக்கமும் அதேதான். சூளைக்காரன் கிட்ட அப்பா அம்மா அட்வான்ஸ் வாங்கியிருப்பாங்க, குடும்பமே அத கழிக்கத்தான் அங்க கெடக்கும். 1976 கொத்தடிமை ஒழிப்பு சட்டப்படி அந்த கடன் செல்லாது, அதுக்கு அத்தாட்சி ஆர்டிஓ, அதாவது வருவாய் கோட்டாட்சியர், குடுக்கற விடுதலை சான்றிதழ். அது கைக்கு வந்துச்சா? இல்லன்னா திரும்ப அதே மேஸ்திரி, அதே வண்டி. இத எந்த நிருபரும் கேட்டு நான் படிச்சதில்ல. குழந்தை தொழிலாளர் சட்டத்துல 2016ல வந்த திருத்தத்துக்கு அப்புறம், பசங்கள வேலைக்கு வச்சவங்களுக்கு ஆறு மாசத்துல இருந்து ரெண்டு வருஷம் ஜெயில், இல்ல 20,000ல இருந்து 50,000 வரைக்கும் அபராதம், ரெண்டும் சேத்தும் போடலாம்னு மட்டும் தவறாம போடறாங்க, யாருக்கு போட்டாங்கன்னு வராது.

நிருபருங்களுக்கும் கஷ்டம் இருக்கு, ஒரே ஆளு தாலுகா ஆபீஸ், ஆக்சிடென்ட், கோயில் திருவிழா எல்லாம் பாக்கணும். இருந்தாலும் போன வருஷம் நீங்களே எழுதுன மீட்பு செய்தி ஒண்ண எடுத்து, அந்த பசங்க இப்ப எங்க இருக்காங்க, கேசு என்னாச்சுன்னு ஒரே ஒரு தடவ விசாரிச்சு போடுங்க சார், அடுத்த ஜூன் 12க்கு அந்த உறுதிமொழி போட்டோ எடத்துலயே போடலாம்.