எங்கட ஊரிலும் தேனீ தத்தெடுக்கலாம்

ரொறன்ரோவில் இருக்கிற மச்சாள், மகளின் பிறந்தநாளுக்கு ஒரு தேனீயைத் தத்தெடுத்துக் கொடுத்திருக்கிறா. தேனீ வீட்டுக்கு வராது, பிள்ளையின் பேரில் ஒரு சான்றிதழ்தான் வரும், கட்டிய காசு தேனீக்களுக்கான பூச்செடி வைக்கவும் வாழிடம் காக்கவும் போகும். எனக்கு நல்லாப் பிடித்துவிட்டது.

யாழ்ப்பாணத்தில் ஊருக்கு ஊர் சனசமூக நிலையம் இருக்கிறதுதானே. பிள்ளைகளின் பேரில் சின்னத் தொகை வாங்கி, சான்றிதழ் கொடுத்து, சேருகிற காசில் நிலைய வளவில் முருங்கையும் துளசியும் சூரியகாந்தியும் வைக்கலாம், மிஞ்சினால் வாசிகசாலைக்குப் புத்தகம்.

இது வெறும் ஆசை இல்லை. பூசணி, பாகல், புடோல் எல்லாவற்றிலும் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு, தேனீயோ வேறு பூச்சியோ மகரந்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால் பிஞ்சு வெம்பி விழுந்துவிடும். பூசணிப் பூ விடியவே விரிந்து மத்தியானத்துக்குள் சுருங்கிவிடும், அந்தக் காலை நேரத்தில் மருந்து அடித்தால் தேனீயும் சாகும், காய்ப்பும் குறையும். தோட்டம் செய்கிற அண்ணாமார், பூக்கிற காலத்தில் அடித்தே ஆகவேண்டும் என்றால் பொழுதுபட்டு, தேனீக்கள் கூடு திரும்பிய பிறகு அடியுங்கோ, தயவுசெய்து.

அப்புறம், தேன் தருகிறதை மட்டும் பார்க்கக் கூடாது. பட்ட மரத்தைத் துளைத்துக் குடியிருக்கிற பெரிய கறுப்புத் தேனீயும், மண்ணுக்குள் தனியாகக் கூடு கட்டுகிறவையும் இதே வேலையைத்தான் செய்கின்றன, அவற்றுக்குப் பெட்டி வைத்துக் கவனிக்க ஆளில்லை. வளவு முழுக்கச் சீமெந்து போடாமல் ஒரு மூலையையாவது விடுங்கோ.

மே 20 உலகத் தேனீ தினம், ஸ்லோவேனியா கேட்டு ஐ.நா. 2017இல் அறிவித்தது. அந்த நாளில் எந்த நிலையம் தொடங்கினாலும் முதல் காசு நான் தருவேன். யார் சேருகிறீங்கள்?