ஒரு டால்டன் வித்தியாசம்

முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) என்ற மூட்டு நோயைக் கண்டறிய உதவும் ஆன்டி-சி.சி.பி. ரத்தப் பரிசோதனைக்கு நாங்கள் எடுக்கும் பிளேட்டின் குழிகளில் ஒட்டியிருக்கும் பொருள் மனித உடம்பில் எங்குமே கிடையாது. சில அமினோ அமிலங்களைக் கோத்து, நடுவில் சிட்ருலின் என்ற அமினோ அமிலத்தை வைத்து, வளையமாக முடிந்து செயற்கையாகச் செய்த பெப்டைடு, அதாவது குட்டிப் புரதத் துண்டு, அது; அதன் பெயர்தான் சி.சி.பி. முடக்குவாதம் வந்தவரின் மூட்டைத் திறந்து தேடினாலும் அகப்படாது. ஆனால் அவருடைய சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீரை) விட்டால் அதிலுள்ள ஆன்டிபாடிகள் அந்த வளையத்தைப் போய்ப் பிடித்துக்கொள்கின்றன. நோயெதிர்ப்பு ஆய்வகத்தில் இந்த ரிப்போர்ட்டுகளுக்குக் கையெழுத்துப் போட்டே பல வருஷம் ஓடிவிட்டது. இந்த விநோதம் மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை.

எலிசா என்ற இந்தச் செய்முறை பெரிய வித்தை இல்லை. நீர்த்த சீரத்தைக் குழியில் விட்டு, நேரம் கொடுத்து, கழுவுகிறோம். என்சைம் பூட்டிய இரண்டாவது ஆன்டிபாடியை விட்டு மறுபடி கழுவுகிறோம். நிறப்பொருளை விட்டதும் நீலம் வரும். அமிலம் சேர்த்தால் மஞ்சளாகும். 450 நானோமீட்டரில் அளக்கிறோம். புதிதாக வருகிறவர்களுக்கு எப்போதும் நிறத்தை அளக்கும் ரீடர் மேல்தான் மரியாதை. எனக்குச் சந்தேகமெல்லாம் குழிகளைக் கழுவும் வாஷர் மேல்தான். ஒரு முனை அடைத்துக்கொண்டால் போதும், ஒரு வரிசை முழுக்க நோயாளிகள் ஆகிவிடுவார்கள்.

பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பெண் கேட்டாள்: "உடம்பிலேயே இல்லாத ஒன்றுக்கு எதிராக உடம்பு எப்படி மேடம் ஆன்டிபாடி செய்யும்?" நல்ல கேள்வி. இதற்குப் பதில் கிடைக்க ஆராய்ச்சியாளர்களுக்கே முப்பது வருஷத்துக்கு மேல் பிடித்தது.

1964இல் நெதர்லாந்தில் நீன்ஹவுஸ், மாண்டெமா என்ற இருவர் கன்னத்தின் உட்புறச் செல்களைச் சுரண்டி எடுத்து, அதன்மேல் முடக்குவாதக்காரர்களின் சீரத்தை விட்டுப் பார்த்தார்கள். உட்கருவைச் சுற்றியிருந்த துகள்கள் ஒளிர்ந்தன. 1979இல் வேறொரு குழு எலியின் உணவுக்குழாயை வைத்து இதே போன்ற ஒளிர்வைக் கண்டது. ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற பழைய ரத்தப் பரிசோதனையைவிட இவை இந்த நோயைத் துல்லியமாகக் காட்டின. ஆனால் அன்றாட வேலைக்கு லாயக்கில்லை. எல்லாருடைய கன்னச் செல்லும் ஒளிராது. ஒளிரும் செல் உள்ள ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஆய்வகம் நடத்துகிறவருக்கு இந்த ஒரு வரியே போதும், அந்தப் பரிசோதனை ஏன் பரவவில்லை என்று புரிய.

தொண்ணூறுகளில் இரண்டிலும் பிடிபடுவது ஃபிலாக்ரின் குடும்பப் புரதம் என்று தெரிந்தது. இன்னும் குழப்பம்தான் கூடியது. ஃபிலாக்ரின் தோலின் புரதம், மூட்டில் அதற்கு வேலை இல்லை. மூட்டு நோய்க்காரர் ரத்தத்தில் தோல் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி எதற்கு? 1998இல் நெதர்லாந்தின் நைமேகனில் ஸ்கெல்லெகென்ஸும் வான் வென்ராயும் அடங்கிய குழு முடிச்சை அவிழ்த்தது. ஆன்டிபாடி தேடுவது ஃபிலாக்ரினை அல்ல. அதில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் சிட்ருலினை. அதே மாற்றம் மூட்டிலுள்ள ஃபைப்ரினோஜென், விமென்டின், ஆல்ஃபா ஈனோலேஸ், இரண்டாம் வகைக் கொலாஜன் எதில் நடந்தாலும் அதையும் பிடிக்கும். அப்படியானால் முழுப் புரதம் எதற்கு, சிட்ருலினை நன்றாக வெளியே காட்டுகிற ஒரு சின்ன வளையம் போதாதா? அப்படித்தான் 2000இல் முதல் வளையப் பெப்டைடு வந்தது. 2002இல் வந்த இரண்டாம் தலைமுறைதான் உலகமெங்கும் ஆய்வகங்களில் நிலைத்தது.

மாற்றம் என்று சொன்னாலும் அது எவ்வளவு சிறியது என்பதைச் சொல்ல வேண்டும். பி.ஏ.டி. என்ற நொதி, கால்சியம் கிடைத்தால், ஆர்ஜினினைச் சிட்ருலின் ஆக்குகிறது. எடை மாறுவது ஒரு டால்டனுக்கும், அதாவது ஏறக்குறைய ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடைக்கும், சற்றுக் குறைவு. அஸ்பாரஜின் என்ற இன்னொரு அமினோ அமிலம் தானாகவே சிதைந்தாலும் எடை அதே அளவு மாறும் என்பதால் மூலக்கூறுகளை எடைபோடும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரிடம் வேலை வாங்குகிறவர்கள் இதில் திண்டாடுவார்கள். ஆனால் ஆர்ஜினினின் நேர்மின் ஏற்றம் போய்விடுகிறது. புரதத்தின் மடிப்பு தளர இது போதும்.

இந்த மாற்றம் நோயும் அல்ல. ஆரோக்கியமான தோலில் தினமும் நடக்கிறது. எந்தக் காரணத்தால் மூட்டு வீங்கினாலும் உள்ளே சிட்ருலின் ஏறிய புரதங்கள் இருக்கும். அதை அந்நியமாக நினைத்து ஆன்டிபாடி செய்வதுதான் முடக்குவாதத்தின் தனிக்குணம். எச்.எல்.ஏ.-டி.ஆர்.பி.1 என்ற நோயெதிர்ப்பு மரபணுவின் சில வடிவங்களும் புகைப்பழக்கமும் சேர்கிற இடத்தில் ஆபத்து பல மடங்கு ஏறுகிறது. ஈறு நோய் உண்டாக்கும் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ் பாக்டீரியா சொந்தமாகவே பி.ஏ.டி. வைத்திருப்பதால் அதன்மீதும் பார்வை இருக்கிறது. தொடக்கம் மூட்டில் இல்லை, நுரையீரலிலோ ஈறிலோ இருக்கலாம் என்ற எண்ணம் இப்படித்தான் வலுப்பெற்றது.

இவ்வளவும் அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது தொலைபேசி அடித்தது. எங்கள் பிரிவுக்கு வரும் அழைப்புகள் அநேகமாக மூன்றே வகை.

நெகட்டிவ் என்று போயிருக்கிறது, ஆனால் நோயாளியின் விரல் கணுக்கள் வீங்கிக் கிடக்கின்றன, மறுபடி பாருங்கள் என்பது ஒன்று. பார்ப்போம்; பெரும்பாலும் மறுபடியும் நெகட்டிவ்தான். இந்தப் பரிசோதனையின் உணர்திறனே சுமார் 67 சதவீதம். நோய் உள்ள மூவரில் ஒருவரைத் தவறவிடும். பலம் அதன் 95 சதவீதத் தனித்தன்மையில், அதாவது நோய் இல்லாதவரை நெகட்டிவ் என்று சரியாகச் சொல்வதில், இருக்கிறது. ஆர்.ஏ. ஃபேக்டருக்கு அது 85ஐ ஒட்டித்தான். தவறவிடப்பட்டவர்களில் சிலருக்கு வேறு மாற்றத்துக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கும். 2011இல் நெதர்லாந்தின் லைடன் குழு காட்டியது கார்பமைலேற்றம்: இதற்கு நொதி வேண்டாம், யூரியாவிலிருந்து பிறக்கும் சயனேட் லைசின் என்ற அமினோ அமிலத்தைத் தாக்கி ஹோமோசிட்ருலின் ஆக்கிவிடும். அழற்சியும் புகையும் சயனேட்டைக் கூட்டும். சிட்ருலினுக்கும் இதற்கும் ஒரு கார்பன் நீளம்தான் வித்தியாசம். பிறகு அசிட்டைல் ஏறிய லைசினுக்கு எதிரானவையும் தெரியவந்தன.

அப்படியானால் எல்லாவற்றையும் ஒரே பேனலில் போட்டால் என்ன என்று சில மருத்துவர்கள் கேட்கிறார்கள். எனக்கு உற்சாகம் இல்லை. நோயாளிகளிடமிருந்து பிரித்தெடுத்த ஒற்றை ஆன்டிபாடிகளில் சில, சிட்ருலினையும் ஹோமோசிட்ருலினையும் அசிட்டைல் லைசினையும் சேர்த்தே பிடிக்கின்றன. மூன்று பாசிட்டிவ் என்று வந்தால் மூன்று ஆன்டிபாடியா, ஒன்றே மூன்று கதவைத் தட்டியதா என்று எலிசா சொல்லாது.

இரண்டாவது வகை அழைப்பு, எண் ஏறிவிட்டது என்பது. போன முறை 80, இப்போது 250. கேட்டால் இடையில் ஆய்வகம் மாறியிருப்பார். ஒவ்வொரு நிறுவனத்தின் அலகும் வேறு. இரண்டையும் ஒப்பிட்டுப் பயனில்லை. ஒரே இடத்தில் செய்தாலும் இந்த எண் நோயின் அன்றாட ஏற்ற இறக்கத்தைச் சொல்லாது. அதற்கு அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யும் ஈ.எஸ்.ஆரும் மூட்டைத் தொட்டுப் பார்ப்பதும் இருக்கின்றன. முடக்குவாதத்துக்கான 2010 வகைப்பாட்டு விதிகளில் இந்த எண் மேல் வரம்பைப்போல் மூன்று மடங்கைத் தாண்டினால் 3 மதிப்பெண், தாண்டாவிட்டால் 2. வரம்பு 20 என்றால் 59க்கும் 61க்கும் நடுவே ஒரு மதிப்பெண் போகிறது. எங்கள் எலிசா ஒரே சீரத்தை இரண்டு நாள் ஓட்டினாலே அவ்வளவு ஆடும். இதைச் சொன்னால் மருத்துவர்கள் ரசிப்பதில்லை.

எதிர்பாராத பாசிட்டிவ் வந்தால் காசநோயையும் நினைவில் வைக்கச் சொல்வேன். காசநோயாளிகள் சிலரின் சீரம் சி.சி.பி.யில் ஒட்டும், சிட்ருலினை எடுத்துவிட்டு ஆர்ஜினின் வைத்த வளையத்திலும் அது ஒட்டினால் அது முடக்குவாதத்தின் ஆன்டிபாடி இல்லை. வழக்கமான ஆய்வகங்களில் அந்த ஆர்ஜினின் பிளேட் இருப்பதில்லை என்பது வருத்தம்தான்.

மூன்றாவதுதான் சங்கடமானது. மூட்டில் வீக்கமே இல்லாதவருக்கு உயர் பாசிட்டிவ். ரத்த தானம் செய்தவர்களின் சேமித்த சீரத்தைத் திரும்பிப் பார்த்த ஆய்வுகள், அறிகுறி வருவதற்குப் பல வருஷம் முன்பே இந்த ஆன்டிபாடி சிலருக்கு இருந்ததைக் காட்டின. அதே சமயம், பாசிட்டிவ் ஆன எல்லாருக்கும் நோய் வருவதுமில்லை. வலியே இல்லாதவருக்கு முழு உடல் பரிசோதனைப் பட்டியலில் இதைச் சேர்ப்பதை நான் எதிர்க்கிறேன். கையில் கொடுப்பது பயத்தை மட்டும்தான். புகையை விடச் சொல்லலாம், அதற்கு ஆன்டிபாடி பார்க்கத் தேவையில்லை.

மூட்டு வலி தொடங்கி, வீக்கம் இன்னும் வராதவர்கள் கதை வேறு. 2024இல் வெளியான ஆய்வொன்றில் இப்படிப்பட்ட பாசிட்டிவ் ஆட்களுக்கு ஒரு வருஷம் அபாடாசெப்ட் என்ற நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்து கொடுத்தார்கள். வருஷ முடிவில் மருந்து பெற்றவர்களில் 6 சதவீதத்தினருக்கும் பெறாதவர்களில் 29 சதவீதத்தினருக்கும் மூட்டழற்சி வந்திருந்தது. மருந்தை நிறுத்தி இன்னொரு வருஷம் போனபின் 25, 37 என்று இடைவெளி சுருங்கியது. முன்பெல்லாம் இந்த அழைப்பு வந்தால் "வீங்கட்டும், பார்க்கலாம்" என்ற தொனியில்தான் பேசுவோம். இப்போது காலையில் விரல் விறைக்கிறதா என்று கேட்டு, ஆம் என்றால் மூட்டு நோய் நிபுணரான ருமட்டாலஜிஸ்ட்டிடம் உடனே அனுப்பச் சொல்கிறேன்.